ஹார்ட் மாத்திரையும் மூட்டு மாத்திரையும் ஒரே உடம்புக்குள்ளதான் போகுது

உங்க வீட்டில் 60 வயசு தாண்டின அப்பாவோ அம்மாவோ "ரத்தம் உறையாம இருக்க" மாத்திரை சாப்பிடுறாங்களா? அப்படின்னா இந்தத் திரி உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரை படிங்க.

ஆரம்பிக்கும் முன்னாடியே ஒன்னு சொல்லிடுறேன். இதைப் படிச்சுட்டுப் பயந்துபோய் யாரும் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா என்ன ஆகும்னும் இதே திரியில் சொல்றேன்.

அரசு மருத்துவமனை ஓபியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வாரத்தில் ஓரிரு தடவையாவது இப்படி ஒருத்தர் வந்துடுறாங்க. இதுல பெரும்பாலும் பிரச்சினை அந்த மாத்திரையில் இருக்காது. அதுகூட சேர்ந்து உள்ளே போன இன்னொரு மாத்திரையில் இருக்கும்.

முதல்ல, யாருக்கெல்லாம் இந்த மாத்திரை கொடுக்கிறோம்?

சின்ன வயசில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், மெட்டல் வால்வு வச்சவங்க. இதயம் சீரில்லாம தாறுமாறா துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவங்க. காலில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போயிடக் கூடாதே என்று சிகிச்சையில் இருப்பவங்க. இவங்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் கொடுப்போம். அசிட்ரோம்னு சொன்னா பலருக்கும் தெரியும்.

மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க சாப்பிடுற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வேற வகை. அது ரத்தத் தட்டணுக்கள் ஒன்னோட ஒன்னு ஒட்டுறதைத் தடுக்கும். வேலை வேற என்றாலும் ரத்தக்கசிவு ஆபத்து ரெண்டுக்கும் உண்டு. சிலருக்கு ரெண்டு வகையும் சேர்த்தே ஓடிட்டு இருக்கும். அவங்க இன்னும் கவனமா இருக்கணும்.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை" என்று நாமே பேச்சுவழக்கில் சொல்றோம். ஆனா ரத்தம் தண்ணியாவதில்லை. ரத்தம் உறைய நம்ம கல்லீரல் சில புரதங்களைத் தயார் செய்யுது. அதுக்கு வைட்டமின் கே வேணும். வார்ஃபரின் அந்த வைட்டமின் கே திரும்பத் திரும்பப் பயன்படாம தடுத்திடுது. புரதம் குறையும், ரத்தம் உறைய நேரமாகும். அவ்வளவுதான் சங்கதி.

வார்ஃபரினுக்கு ஒரு கதை உண்டு. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ன மாடுகள் ரத்தம் நிக்காம செத்துப்போச்சு. காரணத்தைத் தேடிப் போன விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் குழு, அந்தத் தீவனத்தில் இருந்த வேதிப்பொருளைக் கண்டுபிடிச்சது. அந்த வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தா விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே இதைக் கொடுத்தாங்க.

"எலி மருந்தைக் கொடுத்து ஏமாத்துறாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுத்துற வீடியோ இந்தப் பாதிக் கதையை வச்சுதான் ஓடுது. மீதிக் கதை என்னன்னா, எலியைக் கொல்வதும் மனுசனைக் காப்பாத்துவதும் அளவுதான். அந்த அளவைப் பார்க்கத்தான் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை.

மாத்திரை சாப்பிடாத ஒருத்தருக்கு ஐஎன்ஆர் சுமார் 1 இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், காலில் ரத்தக்கட்டு உள்ளவங்களுக்குப் பொதுவா 2இல் இருந்து 3க்குள் வைப்போம். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு வச்சவங்களுக்கு 2.5இல் இருந்து 3.5. குறைஞ்சா ரத்தம் கட்டும். கூடினா ரத்தம் கசியும். நடந்து போற வரப்பு அவ்வளவுதான் அகலம்.

அந்த வரப்பில் பத்து வருஷம் ஒழுங்கா நடந்துட்டு இருக்கிறவங்களை ஒரு வாரத்தில் தள்ளிவிடுவது எது? அதுதான் இனி சொல்லப்போறது.

நம்ம ஊரில் மாத்திரைக்கு மருந்துப் பெயர் கிடையாது. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, ஹார்ட் மாத்திரை, முட்டி மாத்திரை, தூக்க மாத்திரை. எந்த நோய்க்கோ அந்தப் பெயர். கேட்க எளிமையா இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ஹார்ட் மாத்திரை ஹார்ட்டுக்குப் போகும், முட்டி மாத்திரை முட்டிக்குப் போகும், ரெண்டும் வழியில் சந்திச்சுக்காது என்று.

67 வயசு அம்மா ஒருத்தர். வால்வு மாத்தி 12 வருஷம் ஆச்சு. மாசாமாசம் ஐஎன்ஆர் பார்த்து, நோட்டில் எழுதி வாங்கி, ஒரு நாள்கூட அசிட்ரோம் தவறவிடாதவர். எங்க கேஷுவாலிட்டிக்கு மகன் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தார். எழுந்து நின்னா கண் இருட்டுது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 6.2.

"வெளிக்குப் போறது கருப்பா போகுதாம்மா?"

"ஆமாய்யா, நாலஞ்சு நாளா. சத்து மாத்திரை சாப்பிடுறேன்ல, அதனாலன்னு நினைச்சேன்."

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருப்பாகும், உண்மைதான். ஆனா தார் மாதிரிப் பிசுபிசுன்னு, சகிக்க முடியாத நாற்றத்தோட போனா அது வயிற்றுக்குள் கசிஞ்ச ரத்தம்.

ஐஎன்ஆர் எகிறியிருக்கும்னுதான் யாரும் நினைப்பாங்க. வந்த ரிசல்ட் 2.7. கச்சிதமா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கு!

அப்புறம் ஒவ்வொன்னா கேட்டபோதுதான் வெளியே வந்தது. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கின மாத்திரை. காலையில் ஒன்னு, ராத்திரி ஒன்னு, 9 நாள். பையில் பார்த்தா டைக்ளோஃபினாக்.

"இதையும் சாப்பிடுறேன்னு ஏன்மா யார்கிட்டயும் சொல்லலை?"

அவர் ரொம்ப இயல்பா கேட்டார்: "அது ஹார்ட் மாத்திரை, இது முட்டி மாத்திரை. ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இதுதான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றின் உள்சுவரைக் காக்கும் பூச்சைக் குறைச்சிடும். புண் வரும். தட்டணுக்களையும் மந்தமாக்கும். சாதாரண ஆளுக்கு வயிற்றெரிச்சலோடு போயிடலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்தச் சின்னப் புண்ணே திறந்துவிட்ட குழாய். ஐஎன்ஆர் சரியா இருக்கும்போதே இது நடக்கும். அதனால "டெஸ்ட் நார்மல்தானே" என்று இதில் நிம்மதியா இருக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு ரத்தம் ஏத்தினோம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் உண்மையான தலைவலி. மாத்திரையைக் கொடுத்தா புண் கசியும். நிறுத்தி வச்சா மெட்டல் வால்வில் ரத்தம் கட்டும். எந்த மணி நேரத்தில் திரும்ப ஆரம்பிப்பது என்று இதயநோய் மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசிப் பேசி முடிவெடுத்தாங்க. பிழைச்சு வீட்டுக்குப் போனார். முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருந்தது.

அந்த வலியையும் நாம சும்மா விட்டுட முடியாது. வயசான காலத்தில் முட்டி வலி என்பது விளையாட்டில்லை. கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாதவங்ககிட்ட "வலி மாத்திரை சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினா, அவங்க நேரா மெடிக்கலுக்குத்தான் போவாங்க. அதனால மாற்று என்னன்னும் சொல்லணும். பாராசிட்டமால்தான் முதல் தேர்வு, அதுவும் அளவோட. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலு என்று தொடர்ந்து பல நாள் போட்டா அதுவே ஐஎன்ஆரைக் கூட்டும். சில நாளைக்கு மேல் தேவைப்பட்டா மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் பாருங்க. ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி, கைத்தடி, மேற்கத்திய கழிவறை, எடைக்குறைப்பு இதெல்லாம் மாத்திரை இல்லாமலே பாதி வலியைக் குறைக்கும்.

தைலம் தேய்ச்சுக்கலாமா என்று கேட்பீங்க. பல வலித் தைலங்களில் மீதைல் சாலிசிலேட் இருக்கு. ஆஸ்பிரினுக்கு ஒன்னுவிட்ட தம்பி. எப்பவாவது ஒரு விரல் அளவு தேய்ப்பது வேற. இடுப்பில் இருந்து பாதம் வரை தினமும் அள்ளிப் பூசினா தோல் வழியா உள்ளே போய் ஐஎன்ஆரை ஏத்தும்.

அடுத்தது ஊசி. "டாக்டர், மாத்திரை வேணாம், ஒரு ஊசி போட்டு விடுங்க." நம்ம மக்களுக்கு ஊசி மேல் இருக்கும் நம்பிக்கை அலாதி. ஆனா இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இடுப்பில் தசைக்குள் போடும் ஊசி, உள்ளேயே ரத்தக்கட்டா மாறலாம். பிட்டம் முழுக்க நீலம் பாய்ஞ்சு, உட்கார முடியாம, ஹீமோகுளோபின் இறங்கி வந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஊசி போடுறவர் கையில் சிரிஞ்சை எடுக்கும் முன்னாடி நீங்க வாயைத் திறந்து சொல்லணும்.

மூணாவது, கிருமிக்கொல்லிகள். 74 வயசு ஐயா ஒருத்தர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு வார்ஃபரின் சாப்பிடுறவர். கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காம வயித்தால போச்சு. மெடிக்கலில் சொல்லி மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரம் கழிச்சு ஓபிக்கு வந்தது வேற காரணத்துக்கு. "எங்கயும் இடிச்சுக்கலை சார், ஆனா கையெல்லாம் நீல நீலமா இருக்கு" என்று சட்டையை மடக்கிக் காட்டினார். ஐஎன்ஆர் 8ஐத் தாண்டியிருந்தது.

எப்படி? வார்ஃபரினைச் சிதைச்சு வெளியேத்துவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. மெட்ரோனிடசோல் அந்த நொதியோட கையைக் கட்டிப் போட்டுடும். நேத்து சாப்பிட்ட மாத்திரையே இன்னும் உள்ளே இருக்க, இன்னைக்கு ஒன்னு சேரும். அதோட பேதியில் ஒரு வாரம் கஞ்சியும் மோரும்தான் ஆகாரம், வைட்டமின் கே வரத்தும் குறைஞ்சுபோச்சு. மாத்திரையின் அளவு மாறவே இல்லை. ஆனா உடம்புக்குள் அது ரெண்டு மூணு மடங்கா வேலை செஞ்சிருக்கு.

நல்லவேளை, தலைக்குள் கசியலை. வார்ஃபரினை நிறுத்தி வச்சு, வைட்டமின் கே கொடுத்து, தினமும் ஐஎன்ஆர் பார்த்து இறக்கினோம்.

இதே மாதிரி ஐஎன்ஆரைக் கூட்டக்கூடியவை: சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், வாய்ப்புண்ணில் தடவும் மைக்கோனசோல் ஜெல், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன். வலிக்குத் தரும் டிரமடாலும் சிலருக்குக் கூட்டும். வாயில் தடவுற ஜெல்லுக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியப்படாதீங்க. விழுங்குற எச்சிலோட அதுவும் உள்ளே போகுது.

இந்த மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று இல்லை. தொற்று வந்தா மருந்து வேணும்தான். கொடுக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா வேற மருந்து தேர்ந்தெடுப்பார், இல்லைன்னா மூணு நாலு நாளில் ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லி அளவைக் குறைப்பார். தெரியாமப் போகும்போதுதான் ஆபத்து.

நாலாவது, எதிர்த்திசை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதே கல்லீரல் நொதிகளை முடுக்கி விட்டுடும். வார்ஃபரின் சாப்பிட்ட வேகத்தில் வெளியேறிடும். அளவை ரெண்டு மூணு மடங்கு ஏத்தினாலும் ஐஎன்ஆர் அசையாம நிக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசிப்பின் சாப்பிடுறவங்களுக்கும் இப்படி ஆகலாம்.

இதில் பலரும் கோட்டை விடுற இடம் ஒன்னு இருக்கு. ஆறு மாசம் காசநோய் மருந்து முடிஞ்சு, "அப்பாடா" என்று நிறுத்துவாங்க. அடுத்த சில வாரங்களில் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். ஏத்தி வச்ச வார்ஃபரின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். காசநோய் குணமான சந்தோஷத்தில் இருக்கிறவருக்கு ரத்தம் கசிய ஆரம்பிக்கும். புது மாத்திரை சேரும்போது மட்டுமில்ல, பழைய மாத்திரை நிக்கும்போதும் ஐஎன்ஆர் பார்க்கணும்.

ஐந்தாவது, ஒரே மருந்தை ரெண்டு தடவை சாப்பிடுவது. ஒரு டாக்டர் ஆஸ்பிரினைத் தனியா எழுதியிருப்பார். இன்னொருத்தர் எழுதின கேப்சூலுக்குள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை மூணும் சேர்ந்திருக்கும். கலர் வேற, பெயர் வேற, அட்டை வேற. வீட்டில் ரெண்டையும் சமத்தா சாப்பிட்டுட்டு இருப்பாங்க. அரசு மருத்துவமனையில் கொடுக்கிற மாத்திரையும் வெளியே வாங்கின மாத்திரையும் ஒன்னேதான் என்று தெரியாம ரெண்டும் போடுறவங்க உண்டு.

ஆறாவது, வயிற்றுக்கு. குளோபிடோக்ரல் உடம்புக்குள் போய் மாறின பிறகுதான் வேலை செய்யும். ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் அந்த மாற்றத்தைக் குறைச்சிடும். ஸ்டென்ட் வச்சவர் "கேஸ் மாத்திரைதானே" என்று தானா வாங்கிப் போடக் கூடாது. பாண்டப்ரசோல் இந்த விஷயத்தில் மேல். ஆஸ்பிரின் சாப்பிடுறவர் அதுக்கு முன்னாடி ஐபுப்ரோஃபென் போட்டா, ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துக்கும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் கசிவு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். அதையும் தானா நிறுத்தாதீங்க, சொல்லுங்க போதும்.

கீரை பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. முருங்கைக்கீரை, பாலக்கீரையில் எல்லாம் வைட்டமின் கே நிறைய. அதனால கீரையே கூடாதா? கூடும். வாரம் ரெண்டு நாள் கீரை சாப்பிடுற வீடுன்னா வாரம் ரெண்டு நாளே சாப்பிடுங்க, அதுக்குத் தகுந்தபடி மாத்திரை அளவை நாங்க வைப்போம். மாசக்கணக்கில் தொடாம இருந்துட்டு, யாரோ சொன்னாங்கன்னு தினமும் முருங்கைக்கீரை சூப் குடிக்க ஆரம்பிப்பதுதான் பிரச்சினை. சமையலில் போடுற பூண்டு, இஞ்சி, மஞ்சளுக்கு ஒன்னும் ஆகாது. அதையே சாறாகவும் கேப்சூலாகவும் எடுக்கும்போது கதை வேற. உள்ளே என்ன இருக்குன்னே எழுதாத மூட்டு வலிப் பொடிக்கு என் பதில் ஒன்னுதான்: வேண்டாம். சாராயம், பீர் எதுவானாலும் ஐஎன்ஆரை ஆட்டி வைக்கும்.

"புதுசா வந்த மாத்திரைக்கு ஐஎன்ஆர் வேண்டாமாமே?" டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபானைச் சொல்றீங்க. உண்மைதான், அதுக்கு மாசாமாசம் ஐஎன்ஆர் தேவையில்லை. ஆனா வலி மாத்திரை சேர்ந்தா அதுக்கும் ரத்தம் கசியும். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசிப்பின் சேர்ந்தா அதுவும் வேலை செய்யாம போகும். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்த்துதான் அளவு. மெட்டல் வால்வு வச்சவங்களுக்கு இவை கூடாது. ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவங்களுக்குப் பழைய வகை மருந்தே ரிவராக்சபானைவிட நல்லது என்று 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கு. அதனால பக்கத்து வீட்டுக்காரர் மாத்தினார் என்று நீங்க மாத்திடாதீங்க.

இப்ப முதல்ல சொன்ன விஷயத்துக்கு வரேன்.

61 வயசு. மெட்டல் வால்வு. மேலே சொன்ன எலி மருந்து வீடியோவைப் பார்த்துட்டு, வீட்டில் யார்கிட்டயும் சொல்லாம அசிட்ரோமை நிறுத்திட்டு பூண்டுப்பால் குடிக்க ஆரம்பிச்சார். மூணு வாரம் நல்லாத்தான் இருந்தார். அதுவே அவருக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையில் இருந்து விழுந்தது. வலது பக்கம் வரலை. வாய் கோணிச்சு. வால்வில் கட்டின ரத்தம் மூளைக்குப் போயிருந்தது. இப்ப கைத்தடியோட நடக்கிறார். சொல்ல நினைப்பது ஒன்னு, வாயில் வருவது வேற ஒன்னு. தண்ணி வேணும்னா சாவி வேணும்னு சொல்றார்.

அதனால பல் பிடுங்கணும், கண்புரை அறுவை சிகிச்சை செய்யணும் என்றாலும் நீங்களா நிறுத்தாதீங்க. பல சின்னச் சிகிச்சைகளை ஐஎன்ஆர் பார்த்துட்டு நிறுத்தாமலே செய்யலாம். முடிவு மருத்துவர்கள் எடுக்கட்டும்.

சரி, என்னதான் செய்யணும்?

ஒரு பெரியவருக்கு இதயத்துக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஆரம்ப சுகாதார நிலையம், முட்டிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக், காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப், சளிக்கு மருமகள் வச்சிருந்த மீதி மாத்திரை. இந்த அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. எல்லா இடத்துக்கும் போய் வர ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். அதனால செய்தியைச் சுமந்துட்டுப் போக வேண்டியதும் அவரோ, நீங்களோதான்.

ஒன்னு. வீட்டில் மஞ்சப்பை இருக்கா? அதில் எல்லா மாத்திரையையும் போடுங்க. எல்லாம் என்றால் எல்லாம். தினமும் போடுறது, எப்பவாவது போடுறது, சொட்டு மருந்து, தைலம், லேகியம், பொடி. எந்த டாக்டரிடம் போனாலும் பையோட போங்க. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டா "ஒன்னும் இல்ல" என்றுதான் பதில் வருது. பையைக் கவிழ்த்தா ஒன்பது வகை விழுது.

ரெண்டு. மாத்திரை அட்டையில் பெயர் இருக்கிற பக்கத்தைக் கடைசி வரை வெட்டாதீங்க. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தா, அது மருத்துவர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து.

மூணு. கிளினிக்கோ மெடிக்கலோ பல் ஆஸ்பத்திரியோ, உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்." நோயைச் சொல்றதுக்கு முன்னாடியே இதைச் சொல்லுங்க. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்காது என்றால் ஒரு அட்டையில் தமிழில் எழுதி சட்டைப் பையிலோ மணிபர்சிலோ வச்சு விடுங்க. மாத்திரைப் பெயர், அளவு, எதுக்காக, கடைசி ஐஎன்ஆர், உங்க போன் நம்பர்.

நாலு. எந்தப் புது மருந்து சேர்ந்தாலும், பழசு நின்னாலும், காய்ச்சல், பேதி என்று சாப்பாடு குறைஞ்சாலும் மூணு நாலு நாளில் ஐஎன்ஆர் பாருங்க. அடுத்த மாசத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீங்க.

அஞ்சு. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுறவங்க தினமும் ஒரே நேரத்தில் போடுங்க. சாயந்திரம் என்றால் வசதி, காலையில் எடுத்த ஐஎன்ஆர் பார்த்து அன்னைக்கே அளவை மாத்தலாம். மறந்துட்டா அன்னைக்கு ராத்திரிக்குள் ஞாபகம் வந்தா போடுங்க. மறுநாள்தான் ஞாபகம் வந்ததா? விட்டுடுங்க. ரெண்டா சேர்த்துப் போடக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய அறிகுறிகள்: தார் மாதிரிக் கருப்பு மலம், சிவப்பாகவோ கோலா நிறத்திலோ சிறுநீர், பத்து நிமிஷம் அழுத்திப் பிடிச்சும் நிக்காத மூக்கு ரத்தம், அடிபடாமலே பெரிய நீலத் தழும்பு, ரத்த வாந்தி. திடீர்னு தாங்க முடியாத தலைவலி, குழப்பம், கை கால் வராமை, பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காம 108.

கீழே விழுந்து தலையில் அடிபட்டா, வெளியே காயம் இல்லைன்னாலும், அன்னைக்கு நல்லாப் பேசினாலும், காட்டியே ஆகணும். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவில் மெதுவா கசியும் ரத்தம் நாள் கழிச்சு, சில நேரம் வாரம் கழிச்சும் வேலையைக் காட்டும்.

மெடிக்கல் வச்சிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரைச்ச தலை ஒன்னு வந்து வலி மாத்திரை கேட்டா, "ஹார்ட்டுக்கு எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. அஞ்சு நொடி ஆகும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் தோழிகளே, முடிஞ்சா அந்த வீட்டு மாத்திரை டப்பாவையும் ஒரு பார்வை பாருங்க. வலி மாத்திரை கண்ணில் பட்டா நர்ஸ் அம்மாகிட்ட சொல்லிடுங்க.

கடைசியா பிள்ளைகளுக்கு. பெரும்பாலான பெரியவங்க மறைக்கணும்னு மறைப்பதில்லை. முட்டி வலியை எல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வதா என்ற கூச்சம். மகனுக்கு லீவு கிடைக்காது, மருமகளுக்கு வேலை கிடக்கும், பத்து ரூபாய் மாத்திரையில் முடியுற விஷயம்தானே என்ற எண்ணம். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னுதான் அவங்க மெடிக்கலுக்குப் போறாங்க.

அதனால அப்பா அம்மாகிட்ட "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீங்க. "எங்க வலிக்குது, அதுக்கு என்ன போடுறீங்க?" என்று கேளுங்க. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் அந்த பிளாஸ்டிக் டப்பாவை இன்னைக்கு ராத்திரியே இறக்கி, ஒவ்வொரு அட்டையா பெயரைப் படிச்சுப் பாருங்க. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், மெட்ரோனிடசோல் என்று எதாவது கண்ணில் பட்டா அதை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு, நாளைக்குக் காலையில் மஞ்சப்பையோட உங்க டாக்டரைப் பாருங்க.

உங்க வீட்டில் இல்லைன்னாலும் தெருவில் ஒரு வீட்டில் நிச்சயம் இருப்பாங்க. அவங்களுக்கும் இதை அனுப்பி விடுங்க.